போருக்கு வேண்டியவர், பேருக்கு வேண்டாதவரா?

(1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சின் நினைவாகக் கப்பல்துறையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் முழு வடிவம்)



நமது ஊருக்குக் கப்பல்துறை என்று பெயர். பெயரிலேயே கடலும் கலமும் இருக்கின்றன. அயலிலே சீனக்குடா, அங்கே விமானத்தளமும், காட்டினுள்ளே வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்களும் உள்ளன. அப்பால் கோணேசர் கோயில் கொண்டிருக்கும் பாறை. அப்பாறையைச் சுற்றி அந்நியன் கட்டிய கோட்டை. போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் என்று மாறி மாறி வந்தவர் எல்லாரும் இத்துறைமுகத்தின்மீதே கண் வைத்தனர். துறைமுகத்தை ஆண்டவர் பெயர்கள் வரலாற்று நூல்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் இத்துறைமுகத்தைக் காப்பதற்காக இங்கே கொண்டுவரப்பட்டு, இங்கே பயின்று, இங்கிருந்து சென்று மடிந்தவர் யார்? அவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இக்கேள்வியை முன்வைக்கவே நாம் இன்று இம்மேடையில் ஏறினோம்.

1942 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை நினைவிற் கொள்ளுங்கள். சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டது. இரங்கூன் வீழ்ந்துவிட்டது. அந்தமான் தீவுகளும் யப்பானியர் கைக்குப் போய்விட்டன. ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, 9 ஆம் நாள் காலையில், விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் நமது துறைமுகத்தின்மீதும் சீனக்குடா விமானத்தளத்தின்மீதும் குண்டு மாரி பொழிந்தன. ஒரு விமானம் எண்ணெய்க் குதமொன்றின்மேல் வீழ்ந்து, அக்குதம் நாட்கணக்கில் எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதனோடு 307 பேர் மாண்டனர். துறைமுகத்தில் உழைத்த தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். எஞ்சியோரிற் பெருந்தொகையினர் காடு நோக்கி ஓடினர். கப்பலில் இறந்த மாலுமியின் பெயர் கல்லில் இருக்கிறது. துறைமுகத்தில் இறந்த கூலியாளின் பெயர் எங்கே இருக்கிறது? பதில் கூறுவார் இலர்.

அந்நாளிலே இலங்கையைக் காத்து நின்றவர் வெள்ளையர் மட்டுமே என்று எண்ணுவோமாயின் அது பெரும் பிழையாகும். இந்தியப் படையினர் வந்தனர். ஆஸ்திரேலியர் வந்தனர். இலங்கைப் பாதுகாப்புப் படையில் சிங்களவரும், தமிழரும், முஸ்லிம்களும், மலாயரும், பறங்கியரும் சேர்ந்து நின்றனர். இவர்களோடு, நம் நினைவிலிருந்து முற்றாக மறைந்துபோன இன்னொரு பெருங்கூட்டமும் நின்றது. அவர்களே கிழக்காபிரிக்கப் படையினர்.

கென்யா, உகண்டா, தங்கனீக்கா, நியாசலாந்து, வட ரொடீசியா ஆகிய நாடுகளிலிருந்து அவர்கள் வந்தனர். சுவாகிலி மொழியிலே படைவீரனுக்கு ‘அஸ்காரி’ என்று பெயர். 1942 ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு ஒன்று இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1943 ஆம் ஆண்டில் 11 ஆவது கிழக்காபிரிக்க டிவிசன் முழுவதுமே பயிற்சிக்காக இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் சின்னம் காண்டாமிருகத்தின் தலை.

அவர்கள் வந்த கடல்வழி பூவிரித்த பாதையன்று. 1944 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட ‘கெடிவ் இஸ்மாயில்’ என்னும் கப்பலை, 12 ஆம் நாள் மாலைதீவுகளுக்கு அருகே யப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கிற்று. சில நிமிடங்களுக்குள் கப்பல் கடலடி சேர்ந்தது. மாண்டவர் 1,297 பேர். தப்பியவர் 214 பேர் மாத்திரமே. மாண்டவருள் பெரும்பாலார் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். நமது தீவை நோக்கி வந்தவர்கள் அவர்கள். நமது கரையைக் காணாமலே மடிந்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் நமது பாடநூல்களில் அவர்களுக்கு ஒரு வரி உண்டா?

இங்கே அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி யாது? காட்டுப் போர்! எத்தியோப்பியாவின் மலைகளிலும் சோமாலியாவின் வெளிகளிலும் போரிட்டுப் பழகிய படைக்கு, அடர்ந்த காட்டிலே பகைவனைக் காணாமலே அவன் இருப்பிடத்தை உணர்வது எப்படி, சுமையைத் தலையிலேற்றி வாகனம் புகாத வழியால் உணவும் குண்டும் கொண்டுசெல்வது எப்படி, மழையிலும் மலேரியாவிலும் உடலைக் காப்பது எப்படி என்றெல்லாம் நமது நாட்டுக் காடுகளிலே கற்பித்தனர். பர்மாக் காட்டுக்கு இலங்கைக் காடே பள்ளிக்கூடமாக அமைந்தது எனலாம்.

பள்ளிக்கூடம் ஒன்றாயினும் வாங்கு ஒன்றன்று. வெள்ளையன் நேற்றுப் படையிற் சேர்ந்தவனாயினும் அதிகாரியாகலாம். கிழக்காபிரிக்கக் கறுப்பு வீரன் எத்தனை ஆண்டு ஊழியம் செய்தாலும், எத்துணைத் திறம் காட்டினாலும், அப்போர்க் காலத்தில் அவனுக்கு எட்டிய உச்சி வாரண்ட் ஒபிசர் பதவியே. அதற்குமேல் ஏணி இல்லை. சம்பளத்தில் வேறுபாடு, உணவில் வேறுபாடு, உடையில் வேறுபாடு. பிரித்தானியப் படையில் 1881 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்ட உடற்றண்டனை, ஆபிரிக்க வீரனின் முதுகைவிட்டு இரண்டாம் உலகப் போரிலும் அகலவில்லை. சுதந்திரத்தைக் காக்கும் போர் என்று அவனுக்குச் சொன்னார்கள். அவனுடைய முதுகிலே பிரம்பு எழுதிய பாடமோ வேறாக இருந்தது.

ஆயினும் அவன் போரிட்டான். 1944 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அப்படை இலங்கையினின்றும் புறப்பட்டு பர்மா எல்லைக்குச் சென்றது. மழைக்காலத்தில் போர் செய்தல் இயலாது என்பது அதுவரை இருந்த கருத்து. அக்கருத்தைப் பொய்ப்பித்து, மலேரியாவுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் பெயர்போன கபாவ் பள்ளத்தாக்கு வழியே, சேற்றிலும் வெள்ளத்திலும் அப்படை முன்னேறிற்று. நவம்பரில் கலேமியோவை அடைந்து, திடிம் பாதை வழியே வந்த இந்தியப் படையுடன் கைகோத்தது. டிசம்பரில் கலேவாவைக் கைப்பற்றிச் சிந்துவின் ஆற்றங்கரையில் நின்றது. அவ்வாற்றின்மேல் 1,154 அடி நீளமான பாலம் அமைக்கப்பட்டது. அதன் வழியே பெரும் படை மத்திய பர்மாவுக்குட் புகுந்தது. பாலத்தைப் பற்றிப் பாராட்டியோர் பலர். பாலத்துக்கு வழி திறந்தவனை நினைத்தோர் சிலரே.

தோழர்களே! கண்டியிலே ஒரு போர்வீரர் மயானம் உண்டு. அங்கே 203 சமாதிகள் உள்ளன. பிரித்தானியர் 107 பேர். அடுத்த பெருந்தொகையினர் எவர்? இந்தியரா? இலங்கையரா? அல்லர். 35 பேருடன் இரண்டாம் இடத்தில் இருப்போர் கிழக்காபிரிக்கரே. இலங்கையர் 26, இந்தியர் 23. மலைநாட்டுக் குளிரிலே, தம் தாய்மண்ணுக்குப் பல்லாயிரம் மைல் அப்பால், அவர்கள் உறங்குகின்றனர். நமது திருமலையிலும் நிலாவெளி வீதியோரத்தில் அவ்வாறான மயானம் இருக்கிறது. அவ்வீதியால் நாம் எத்தனை முறை சென்றிருப்போம்? உள்ளே சென்று ஒரு பெயரையேனும் வாசித்தோமா?

அம்மயானங்களில் ஒரு நல்ல நெறியைக் காண்கிறோம். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் கல்லின் உயரம் ஒன்றே. செல்வனுக்கும் வறியவனுக்கும் கல் ஒன்றே. சாவிலே சமத்துவம் என்பதே அதன் கொள்கை. ஆனால் அக்கொள்கை எல்லாருக்கும் கடைப்பிடிக்கப்பட்டதா? இல்லை. பொதுநலவாயப் போர்ச் சமாதி ஆணைக்குழுவே 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. முதலாம் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்கர், இந்தியர், எகிப்தியர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, அல்லது எவ்வகையாலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும், அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. நூறாண்டு கழித்து மன்னிப்புக் கேட்டார்கள்.

அன்று அவ்வாறு செய்ததற்குக் கூறப்பட்ட காரணம் யாது தெரியுமா? பொற்கரை நாட்டு ஆளுநராயிருந்த ஒருவர், அந்நாட்டுச் சாதாரண மனிதனுக்குச் சமாதிக் கல்லின் அருமை விளங்காது என்று 1923 ஆம் ஆண்டிற் கருத்துரைத்தார். எத்தகைய ஆணவம்! இறந்தவனைப் போற்றத் தெரியாத மனித இனம் எங்கே உண்டு? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஆநிரை மீட்டு மடிந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் புகழையும் அதிற் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்ட இனம் தமிழினம். நடுகல்லை அறிந்த நமக்கு, அவ்வாளுநரின் சொல் எத்துணைப் பொய் என்பது பிறர் சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஆனால் பிறரைக் குற்றங் கூறுமுன் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆபிரிக்கரை நாம் எப்பெயரால் அழைத்தோம்? ‘காப்பிரி’ என்றோம். அச்சொல் அரபு மொழியிலே நம்பிக்கையற்றவனைக் குறிப்பது; பல கடல் கடந்து, பல வாய்களில் அடிபட்டு, ஓர் இனத்தையே இழித்துரைக்கும் சொல்லாக நம் வாயில் வந்து தங்கிற்று. நமக்காக நின்றவனின் பெயரைக் கேளாமல் இழிபெயர் சூட்டினோம். வெள்ளையன் அவனைக் கண்ட கண்ணாலேயே நாமும் அவனைக் கண்டோம். இது நமக்குப் பெருமை தருவதன்று.

அதே கண் நம்மையும் பார்த்தது என்பதை மறந்துவிட வேண்டாம். ‘போர்க்குலம்’ என்றும் ‘போர்க்குலமல்லாதார்’ என்றும் மக்களைத் தரம் பிரித்த கோட்பாடு ஒன்று ஆங்கில ஆட்சியில் இருந்தது. 1880களில் சென்னைப் படைக்குத் தளபதியாயிருந்த ரொபேட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு உதவான் என்று எண்ணினார். அதன் பின் தமிழரும் தெலுங்கரும் காலாட்படையிலிருந்து படிப்படியாக அகற்றப்பட்டனர். 1928 ஆம் ஆண்டளவில் சென்னைக் காலாட்படை பெயரளவிலும் இல்லாது ஒழிந்தது. பின்னர் நடந்ததென்ன? இரண்டாம் உலகப் போர் மூண்டது, ஆள் வேண்டியிருந்தது, 1941 ஆம் ஆண்டிலே சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது! பதின்மூன்று ஆண்டுகளில் தமிழனின் குருதி மாறிவிட்டதா? குருதி மாறவில்லை, அவர்களின் தேவையே மாறிற்று. ஆள் வேண்டாத காலத்தில் கோழை. ஆள் வேண்டிய காலத்தில் வீரன்! இந்தக் கணக்கைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இலங்கையருக்கும் இக்கணக்கே இருந்தது. 1942 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் நாள் இரவு, கொக்கோசுத் தீவிலே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். அரசியல் உணர்ச்சியும், அதிகாரிமீதும் இன ஆணவத்தின்மீதும் கொண்ட வெறுப்பும் அதற்குக் காரணங்களாயின. கிளர்ச்சி தோல்வியுற்றது. கிரேஷன் பெர்ணாண்டோ முதலிய மூவர் அவ்வாண்டு ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அப்போரில் கலகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயப் படையினர் இம்மூவரே. கிளர்ச்சியின்போது அவர்களின் சக இலங்கையன் ஒருவனும் சுடப்பட்டு இறந்தான். அச்செயலை நாம் போற்றவில்லை. ஆனால் மனிதனைச் சமமாக நடத்தாத படையில் கட்டுப்பாடு மட்டும் எப்படி நிலைக்கும் என்று கேட்பது நமது உரிமை.

போர் முடிந்தது. அஸ்காரி ஊர் திரும்பினான். விடை கொடுத்தனுப்பும்போது அளித்த ஊக்கத்தொகையிலும் நிறம் பார்த்தனர். அதே தரத்து வெள்ளை வீரனுக்குக் கிடைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கறுப்பு வீரனுக்குக் கிடைத்தது. இது ஆவணச் சான்றோடு 2019 ஆம் ஆண்டில்தான் பரவலாக வெளிவந்தது. கென்யாவிலே வெள்ளை வீரருக்கு நிலக் குடியேற்றத் திட்டம் வகுக்கப்பட்டது. கறுப்பு வீரனோ, விரலடையாளம் பதித்த ‘கிபாண்டே’ என்னும் அனுமதிச் சீட்டைச் சுமந்து திரியவேண்டியிருந்தது.

அவர்களுள் ஒருவர் வருகியு இட்டோட்டே. 1942 ஆம் ஆண்டில் படையிற் சேர்ந்து, இலங்கையைக் கண்டு, பர்மாவிற் போரிட்டவர். வெளிநாடுகளிலே பலரோடு பழகி, “நாம் யாருடைய விடுதலைக்காகப் போரிடுகிறோம்?” என்னும் வினாவை உள்ளத்திற் சுமந்து நாடு திரும்பினார். பின்னர் ‘ஜெனரல் சைனா’ என்ற பெயரில் கென்ய விடுதலைக் கிளர்ச்சியின் தலைவருள் ஒருவரானார். 1954 ஆம் ஆண்டிற் பிடிபட்டு, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அதிலிருந்து தப்பி, சுதந்திரக் கென்யாவையும் கண்டார். சுவாகிலி மொழியிலே ‘ஹெஷிமா’ என்றொரு சொல் உண்டு. மதிப்பு, மானம் என்பது அதன் பொருள். வீரன் கூலிக்காக மாத்திரம் போரிடுவதில்லை; ஹெஷிமாவுக்காகவும் போரிடுகிறான். அதை மறுத்த பேரரசு நிலைக்கவில்லை.

பெரியோர்களே! இக்கதையை நாம் கூறுவது ஆபிரிக்கருக்காக மட்டுமன்று. 1955 ஆம் ஆண்டில், இலங்கைத் தரைப்படைக்கு இந்நாட்டவருள் முதல் தளபதியாக வந்தவர் அன்டன் முத்துக்குமாரு என்னும் தமிழர். 1957 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நமது துறைமுகக் கடற்படைத்தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது. 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழரே. அத்தகைய படை, 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்திற்கும் 1962 ஆம் ஆண்டின் தோல்வியுற்ற சதி முயற்சிக்கும் பின்னர், படிப்படியாக ஏறக்குறைய ஓரினப் படையாக மாறிற்று. தமிழ் மகன் தன் நாட்டின் படையைத் தன் படையென்று கூறும் நிலை போயிற்று. அதன் விளைவை 1983 முதல் 2009 வரை இத்தீவு முழுவதும் அனுபவித்தது. படையிலே சமத்துவம் இல்லாத நாட்டில் அமைதியும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் மனந்திறந்து கூறுகிறோம். நிலாவெளி வீதியிலே, எங்கிருந்தோ வந்த வீரனின் சமாதியில் புல் வெட்டி, பூச்செடி நட்டுப் பேணப்படுகிறது. அது நல்லது, அவ்வாறே என்றும் நடைபெறுக. ஆனால் இம்மண்ணிலே பிறந்து, நமது போரிலே மடிந்த பிள்ளைகளின் சமாதிகள் 2009 ஆம் ஆண்டுக்குப் பின் இடித்துத் தள்ளப்பட்டன. தாய் ஒருத்தி விளக்கேற்றி அழவும் அஞ்சிய காலம் இருந்தது. மடிந்தவன் கொண்ட கொள்கையை ஏற்காதவர் இருக்கலாம். அவன் தரப்புச் செய்த தவறுகளைக் கண்டிக்கலாம். நாமும் கண்டிக்கவேண்டியவை உண்டு. எனினும் தாயின் கண்ணீருக்குத் தரப்பு இல்லை. தெற்கிலே சிப்பாயை இழந்த தாயும், வடகிழக்கிலே போராளியை இழந்த தாயும், குண்டுவீச்சிற் குழந்தையை இழந்த தாயும், காணாமற்போன மகனைத் தேடித் தெருவில் நிற்கும் தாயும் கேட்பது ஒன்றே: “என் பிள்ளையின் பெயரை அழிக்காதீர்கள்!” பகைவனாயிருந்த இத்தாலியனுக்கும் கண்டி மயானத்திலே கல் இருக்கிறது. மூவர் அங்கே உறங்குகின்றனர். அந்நிய நாட்டுப் பகைவனுக்கு ஆறடி நிலமும் ஒரு பெயர்க்கல்லும் அளிக்க இயன்ற இந்நாட்டில், சொந்தப் பிள்ளைகளுக்கு அளிக்க ஏன் இயலாது?

காலங் கடந்துவிட்டது என்று கூறாதீர்கள். 2025 ஆம் ஆண்டு சனவரியில் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலே ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் படைத் தொழிலாளராகப் பணியாற்றி மடிந்து, எங்குமே பெயர் பொறிக்கப்படாதிருந்த 1,772 கறுப்பின மக்களின் பெயர்கள், ஆளுக்கொரு மரத்தூணாக அங்கே நிற்கின்றன. நூறாண்டு கழிந்தும் பெயரைத் தேடி எடுக்க முடிந்தது. தேட மனம் இருந்தது, ஆகவே கிடைத்தது.

நாமும் தேடுவோம். நாம் வேண்டுவன மூன்று. முதலாவது: ஆண்டுதோறும் ஏப்ரல் 9 ஆம் நாள், நமது பாடசாலை மாணவர் நிலாவெளி வீதி மயானத்துக்குச் சென்று, அங்குள்ள பெயர்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அப்பெயர்களைத் தமிழிலே எழுதி வாசிகசாலையிற் பேண வேண்டும். இரண்டாவது: அக்குண்டுவீச்சில் மடிந்த துறைமுகத் தொழிலாளரைப் பற்றித் தாத்தாவும் பாட்டியும் சொன்ன செய்திகள் எந்த வீட்டில் இருப்பினும், தமிழர் வீடாயினும், முஸ்லிம் வீடாயினும், சிங்களவர் வீடாயினும், அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு பெயர் கிடைப்பினும் அது பெரும் பேறே. மூன்றாவது: நமது காலத்துப் போரில் மடிந்த அனைவரையும் நினைவுகூரும் உரிமை எல்லாத் தாய்மாருக்கும் ஒரே அளவில் வேண்டும் என்று அரசிடம் அச்சமின்றிக் கேட்கவேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. உப்பிட்டவரையே மறக்கலாகாது என்றால், உயிரிட்டவரை மறக்கலாமா? போருக்கு வேண்டியவர் பேருக்கு வேண்டாதவராகும் அநீதி, அது லண்டனில் நிகழினும், நைரோபியில் நிகழினும், கொழும்பில் நிகழினும் அநீதியே. அவ்வநீதிக்கு எதிரான முதற் குரல், கப்பல் வந்து தங்கும் இத்துறையிலிருந்து எழட்டும்!